பொலநறுவையின் இரண்டு பெண்கள்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் மேற்கே போனால், நகரம் முடிகிற கையோடு நெளுக்குளம் வந்துவிடும். அந்த வீதி பழைய மாதோட்டத்தின் பக்கம் போகிறது. அங்கே தாழி குமரன் என்ற சோழ அதிகாரி இராஜராஜேஸ்வரம் என்று ஒரு சிவன் கோவில் எடுப்பித்தான். அவ்வூருக்கு அப்போது இராஜராஜபுரம் என்றும் பெயர் இருந்தது. வவுனியாவுக்குக் கிழக்கே பதவியாவில் இரவிகுலமாணிக்க ஈஸ்வரம் இருந்தது. ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லும் செம்பும் தெய்வ வடிவெடுத்து நின்ற இடங்களின் நடுவே கிடக்கும் நிலம் இது. ஆனால் இன்றைய வன்னியின் குளத்தடிக் கோவில்களைப் பார்த்தால், அங்கே பெண் தெய்வங்கள் நிறைய உண்டு, பெண்ணுருவம்தான் குறைவு. ஒரு சூலம், ஒரு கல், ஒரு கும்பம், ஒரு வேப்பமரம் போதும். அம்மாள் அங்கே இருக்கிறாள். உருவமே வேண்டாத அளவுக்குச் சக்தியை உணர்ந்த ஒரு சமூகத்தின் முன் ஒரு கேள்வியை வைக்கலாம். சக்தியை ஒரு பெண்ணின் உடலாகச் செய்யச் சொன்னால் அந்த உடல் எப்படி இருக்கும்? அழகாக இருக்குமா? அழகாக இருந்தால், அது யாருக்கான அழகு? இந்தத் தீவில் அதற்கு மிகத் தெளிவான விடை, வன்னிக்குத் தெற்கே பொலநறுவையின் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

993ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜராஜனின் படை அனுராதபுரத்தை அழித்தபோது, சோழர் இலங்கையின் தலைநகரைப் பொலநறுவைக்கு மாற்றி அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றும்வரை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அது சோழ நகரம். அங்கே அவர்கள் கட்டிய கோவில்களில் முழுதாக நிற்பது கல்லால் கட்டிய ஒரு தளி. வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று ஓர் அரசியின் பெயரைத் தாங்கியது. சோழர் போன பிறகும் சைவம் அங்கே போய்விடவில்லை. வழிபாடு நடந்தது, படிமங்களும் செய்யப்பட்டன. பிறகு ஒரு காலத்தில் நகரமே கைவிடப்பட்டது. தொல்பொருள் ஆணையாளர் பெல்லின் காலத்தில், 1907, 1908ஆம் ஆண்டுகளில், சிவாலயச் சிதைவுகளைத் தோண்டியபோது வெண்கலப் படிமங்கள் வெளிப்பட்டன. 1960இல் மேலும் சில கிடைத்தன. நடராசர், சிவகாமி, சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர், இவர்களோடு காரைக்கால் அம்மையார். முதல் தொகுதியை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் இருவர். 1914இல் ஆனந்த குமாரசுவாமி கொழும்பு நூதனசாலை வெண்கலங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அவருடைய மைத்துனரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1916இல் அந்தப் படிமங்களையும் சிவவழிபாட்டின் தத்துவத்தையும் பற்றி விரிவாக ஆராய்ந்தார். இருவருக்கும் நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் இருவர் பார்வையும் பெரும்பாலும் ஆடுகிறவனின் மேல் நின்றது. பக்கத்தில் நிற்கிறவளையும் கீழே அமர்ந்திருக்கிறவளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டிய வேலை மிச்சமிருக்கிறது.

முதலில் நிற்கிறவள். சோழ மரபின் சிவகாமி எப்படி நிற்பாள் என்பது நமக்குப் பழகிப்போன காட்சி: ஒரு காலில் பாரம், மறுகால் தளர்வு, இடை ஒருபுறம் சாய்ந்து தோள் மறுபுறம் ஈடுகொடுக்க, உடல் மூன்று வளைவாகிறது. வலக்கை பூவொன்றைப் பிடிப்பதுபோலக் குவிந்திருக்கும், இடக்கை தொங்கும். கரண்ட மகுடம், மெல்லிய இடை, நிறைந்த மார்பு. இதை அழகு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். இந்த உடலில் எந்தத் தசையும் வேலை செய்வதாகக் காட்டப்படவில்லை. ஆயுதம் இல்லை, அசுரன் இல்லை, சிங்கம் இல்லை. கண்கள் எதிரே நிற்பவரைத் தேடுவதில்லை. அப்படியிருந்தும் அவள் தளர்ந்தவளாகத் தோன்றவில்லை. எந்தக் கணத்திலும் அசையக்கூடியவளாக, ஆனால் அசையத் தேவையில்லாதவளாக நிற்கிறாள். அந்த நிலையைக் கொடுப்பது வளைவுகளின் சமநிலை. தலையின் நடுவிலிருந்து ஒரு நூலை இறக்கினால் அது பாரம் தாங்கும் காலுக்குள்ளேயே விழும். உடல் எவ்வளவு வளைந்தாலும் நிலை பிசகாது. வலிமையைக் காட்ட இறுக்கம் வேண்டும் என்பது ஒரு மரபு. கிரேக்கர் தொடங்கி மேற்குலகம் நெடுங்காலம் அப்படியே செய்தது. நம் சிற்பிகள் வலிமையைத் தளர்விலே காட்டினார்கள். தோலுக்குக் கீழே எலும்பும் நரம்பும் தெரியாமல், உள்ளே மூச்சு நிறைந்திருப்பதுபோல உடல் வழுவழுவென்று நிறைந்திருக்கிறது. நாம் அழகு என்று காண்பது அந்த உள்நிறைவின் வெளிப்பக்கம். என் வாதம் இதுதான்: இந்தப் படிமங்களில் பெண்ணின் அழகு, சக்தியின் மேல் போர்த்திய அணி அல்ல, சக்தி கண்ணுக்குத் தெரியும் முறையே அதுதான்.

இப்படிச் சொல்வது எளிது. எந்த அழகான சிலையைப் பற்றியும் எவரும் இப்படிச் சொல்லிவிடலாம். ஆகவே சான்று வேண்டும். அந்தச் சான்று அதே பொலநறுவை மண்ணிலிருந்து, அதே சைவ மரபுக்குள்ளிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். காரைக்கால் அம்மையார் படிமத்தில் அழகுக்கென்று வைத்திருக்கும் ஒரு குறிகூட இல்லை. விலா எலும்புகள் எண்ணலாம்போல் தெரிகின்றன. முலைகள் வற்றித் தொங்குகின்றன, வயிறு ஒட்டியிருக்கிறது, கைகளில் தாளம். மகுடமில்லை, மேகலையில்லை. சிவகாமியில் எலும்பை மறைத்த கலை இங்கே எலும்பையே உருவமாக்குகிறது. ஆனால் அவள் முகத்தில் துன்பம் இல்லை. பாட்டில் ஈடுபட்டவளின் மலர்ச்சிதான் இருக்கிறது. அவள் அமர்ந்திருப்பதில் பிச்சைக்காரியின் குறுகலும் இல்லை. அறுபத்துமூவர் வரிசையில் பெண்கள் மூவரே. அந்த வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பது வழமை. இறைவனாலேயே அம்மை என்று அழைக்கப்பட்டவள் என்று பெரியபுராணம் சொல்வதை நினைத்தால் அது பொருத்தமாகவே படும். இனி இரண்டு படிமங்களையும் அருகருகே நினைத்துப் பாருங்கள். அழகான பெண்ணுடலைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாத, அல்லது செய்ய விரும்பாத ஒரு கலையாக இருந்தால், அம்மையாரை அது தள்ளிவிட்டிருக்கும். இல்லாவிட்டால் பேயுருவைப் பெறுமுன் இருந்த இளம்பெண் புனிதவதியாக வடித்து, அவள் கதையில் வரும் மாம்பழத்தைக் கையில் கொடுத்திருக்கும். கதையில் அதற்கு இடமிருந்தது. ஆனால் அந்தச் சிற்பி எலும்புருவையே தேர்ந்து, அதற்கும் சிவகாமிக்குச் செலவிட்ட அதே செம்பையும் அதே கவனத்தையும் செலவிட்டான். மெழுகில் உருப்பிடித்து, மண்பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுகிற முறையில் ஒரு கருவிலிருந்து ஒரு படிமம்தான் கிடைக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி முடிவு. அம்மையாரின் ஒவ்வொரு விலாவும் ஒருவன் வேண்டுமென்றே செய்தது. அழகை வைத்தும் அழகை எடுத்தும் அதே உள்நிலையை அவர்களால் காட்ட முடிந்திருக்கிறது என்றால், அவர்கள் காட்ட விரும்பியது அந்த உள்நிலையைத்தான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, சிற்பியும் அரசனும் ஆண்கள் என்பது. இலக்கண நூல்கள் பெண்ணுடலையும் அளவு வைத்தே அடைத்தன: ஆண்தெய்வத்தின் உயரத்தை உத்தம தசதாள முறையில் 124 அங்குலப் பங்காகவும், தேவியரின் உயரத்தை மத்திம தசதாள முறையில் 120 பங்காகவும் பிரித்தன. இந்த ஏற்றத்தாழ்வு உண்மை. அதை மறைக்க முடியாது. ஆனால் செய்வித்தவர் எல்லோரும் ஆண்கள் அல்லர். கண்டராதித்த சோழனின் மனைவி செம்பியன் மாதேவி, கணவனை இழந்தபின் பல பத்தாண்டுகள் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றினாள். சோழ வெண்கலக் கலையின் முதல் பெரும் மலர்ச்சியே அவள் கொடைகளோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது. இராஜராஜனின் தமக்கை குந்தவை தஞ்சைப் பெரிய கோவிலில் இரண்டு உமாபரமேசுவரி படிமங்களை எழுந்தருளுவித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தன் தந்தைக்கும் தாய்க்கும்கூட அவள் படிமம் செய்வித்தாள். பாதம் முதல் கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல் என்று படிமங்களின் உயரத்தை அந்தக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அணிகலன்களில் கோத்த முத்துகளையும் எண்ணிச் சொல்கின்றன. பொலநறுவைக் கோவிலும் ஓர் அரசியின் பெயரைத் தாங்கியதுதான். இந்தப் பெண்கள் தாங்கள் கொடுத்த தேவியின் உடலில் ஆணின் ஆசையை மட்டும் பார்த்திருப்பார்கள் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தங்கள் ஆட்சியின், செல்வத்தின், பக்தியின் நிறைவை அதில் கண்டிருப்பார்கள் என்பதே இயல்பு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கோவிலில் இந்தப் படிமங்கள் பட்டும் பூவும் நகையும் சாத்தப்பட்டே நிற்கும். முகமும் கையும் பாதமும் தவிர எதுவும் தெரியாது. நாம் நூதனசாலையில் பார்க்கும் வெற்றுடல், வழிபட்டவர்கள் பார்க்காத உடல். அப்படியானால் மூன்று வளைவு, மூச்சு நிறைவு என்றெல்லாம் பேசுவது பிற்காலத்து ரசனை அல்லவா? இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதற்கு வலுச்சேர்க்கிறது. யாருடைய கண்ணுக்கும் விருந்தாகாது என்று தெரிந்தே அந்த உடலை முழுமையாக வடித்தார்கள். பட்டு மறைக்கப்போகிற முதுகின் குழிவிலும், மாலை மறைக்கப்போகிற தோளின் சரிவிலும் கை தளரவில்லை. அபிஷேகத்தின்போது பூசகர் தொட்டுக் குளிப்பாட்டும் உடல் அது. வீதியில் நிற்பவர் பார்த்து மகிழும் உடல் அல்ல. பார்வைக்காகச் செய்யப்படாத அழகை வேறு எதற்காகச் செய்தார்கள்? அந்த உருவில் தெய்வம் இறங்கி நிற்கவேண்டும் என்பதற்காக. குறையுள்ள உடலில் அவள் தங்கமாட்டாள் என்று நம்பியதற்காக.

அப்படியானால் அம்மையாரின் குறைந்த உடலில் எப்படித் தங்கினாள்? இதுதான் எனக்கு மிகக் கடினமான கேள்வி. அதற்குள்ளே மூன்றாவது மறுப்பும் இருக்கிறது: தேவியாக இருந்தால் அழகும் சக்தியும் சேர்ந்திருக்கலாம், ஆனால் மண்ணில் பிறந்த பெண் சக்தி பெறவேண்டுமென்றால் அழகைக் கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்றல்லவா இந்த இரண்டு படிமங்களும் சேர்ந்து சொல்கின்றன? புனிதவதியின் கதை இதை மறுக்கவில்லை. கணவன் பரமதத்தன் அவள் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சி விலகிப்போய் வேறு மணம் செய்கிறான். இவனுக்காகத் தாங்கிய தசை இனி வேண்டாம் என்று அவள் பேயுருவைக் கேட்டுப் பெறுகிறாள். ஒரு பெண் தனியே, அஞ்சாமல், திருவாலங்காட்டுச் சுடலைவரை நடந்து பாட வேண்டுமானால் அந்த உடலைக் கழற்றிவிட்டுத்தான் போகமுடிந்தது. அந்தக் காலச் சமூகத்தின் மேல் இது வைக்கும் குற்றச்சாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சோழர் காலத்துச் சாதாரணப் பெண்ணுக்குச் சிவகாமியின் நிமிர்வு கிடைத்தது என்று வெண்கலத்தைக் காட்டி வாதிடுவது பொய்யாகும். ஆனால் படிமத்தைச் செய்தவன் அந்த விலையைத் தண்டனையாகக் காட்டவில்லை. அருவருக்க வைக்கும் நோக்கம் அதில் எங்கும் இல்லை. எலும்பும் தோலுமானவளைத் தாளத்தோடும் மலர்ந்த முகத்தோடும் ஆடலரசனின் அருகே இருத்தினான். திருவாலங்காட்டு மரபிலும் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்திலும் தூக்கிய திருவடியின் கீழே அவளுக்கு இடமுண்டு. சமூகம் பிரித்துவைத்த இரண்டையும் கலை ஒரே சபைக்குள் வைத்தது. அதற்கு மேல் அந்தக் கலையால் செய்யமுடியவில்லை. ஆனால் அது சிறிய காரியமல்ல.

இந்த நோக்கு எப்போது நம்மை விட்டுப் போயிற்று என்பதற்கு இலங்கையின் இன்னொரு பெண் சாட்சி. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் தாரா படிமம் இப்போது இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. 143 சென்ரிமீற்றர் உயரம், உள்ளீடு நிறைந்த வார்ப்பு, மேலே பொன்முலாம். காலம் 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகள் என்பார்கள். வலக்கை வரமளிக்கிறது. கொண்டையில் இருக்கும் குழியில் ஒருகாலத்தில் மணியொன்று பதித்திருக்கவேண்டும். கண்டி இராச்சியம் வீழ்ந்த 1815இல் தேசாதிபதியாக இருந்த றொபேட் பிறவுண்றிக் அதைத் தன்னோடு கொண்டுபோய் 1830இல் நூதனசாலைக்குக் கொடுத்தான். இடைக்கு மேலே துணியில்லாத அந்த உடலைக் கண்ட நூதனசாலையார், பொதுமக்கள் பார்க்கத் தகாதது என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் களஞ்சிய அறையில் வைத்து, அறிஞர்களுக்கு மட்டும் காட்டினார்கள். பௌத்தர்களுக்குக் கருணையின் வடிவாக இருந்தவள், அங்கே வெறும் பெண்ணுடலாகச் சுருங்கினாள். அழகு வேறு, தெய்வம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அந்தக் கண் பின்னர் நம் கண்ணாகவும் ஆயிற்று என்பதுதான் வருத்தம். கோவில் கோபுரத்துப் பெண்ணுருவங்களைப் பார்த்துத் தலைகுனிகிற பழக்கம் நம் பாட்டன் பூட்டனிடமிருந்து வந்ததல்ல.

அந்தத் தாராவை ஒருகாலத்தில் பத்தினித் தெய்வம் என்றே அடையாளம் சொன்னார்கள். அது தவறான அடையாளம். ஆனாலும் அந்தத் தவறு நம்மைக் கண்ணகியிடம், அதாவது மீண்டும் வன்னிக்குக் கொண்டுவந்து விடுகிறது. பெண்ணொருத்திக்குச் சிலை எடுத்த வரலாற்றைத் தமிழில் முதன்முதலில் விரிவாகச் சொல்வது சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம்: செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, வஞ்சிக்குக் கொண்டுவருகிறான்; விழாவில் இலங்கைக் கயவாகுவும் நிற்கிறான். அதில் நம் கவனத்துக்கு உரிய சின்னச் செய்தி ஒன்று உண்டு. காற்சிலம்பை உடைத்து நீதி கேட்டவளின் படிமத்துக்கு அவர்கள் எல்லா அணிகலன்களையும் பூட்டுகிறார்கள். கைம்பெண்ணுக்கு மறுக்கப்பட்ட அணி, தெய்வமான பெண்ணுக்குத் திரும்பக் கிடைக்கிறது. மயக்குவதற்கான அணியாக அதை யாரும் படிக்கமுடியாது. அது ஓர் ஒப்புதல். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவிய கண்ணகி சிலையில் விரிந்த கூந்தலும் நீட்டிய கையும் சிலம்பும் இருக்கின்றன. கோபத்தின் அந்தக் கணத்தைக் காட்டுவதும் நியாயமே. ஆனால் பெண்ணின் வலிமை என்றாலே உயர்ந்த கையும் எரிகிற கண்ணும்தான் என்று இன்றைய சிற்பிகள் அந்த ஒரு வழியிலேயே போவது ஒரு பெரும் மரபை இழப்பதாகும். அசையாமல் நின்ற சிவகாமியின் வலிமை அதற்குக் குறைந்ததல்ல.

வன்னியின் வற்றாப்பளையில் கண்ணகி, கண்ணகை அம்மனாக எந்த வடிவில் வந்தாள்? நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு முதிய பெண்ணாக வந்தாள் என்கிறது அந்த ஊர் ஐதீகம். சிறுவர்கள் பந்தல் போட்டு, பொங்கிக் கொடுத்து, எண்ணெய் இல்லாததால் கடல்நீரை ஊற்றி விளக்கேற்றினார்கள்; தலை கடிக்கிறது என்று அவள் சொல்லப் பேன் பார்த்தபோது தலையெங்கும் கண்களைக் கண்டார்கள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிகிறது. பேரழகியாக ஒருத்தி நந்திக்கடலில் தோன்றினாள் என்று கதை கட்ட வன்னி மக்களுக்குத் தெரியாமல் இல்லை; மாதவியின் அழகையும் கண்ணகியின் அழகையும் கோவலன் கூத்தில் விடிய விடியப் பாடியவர்கள் அவர்கள். தெய்வத்தை மட்டும் நரைத்த தலையோடு வரவிட்டார்கள். கல்லும் செம்பும் இல்லாத இடத்தில் கதையாலேயே செய்த இந்தச் சிலையை நான் அம்மையார் படிமத்தின் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்பு இருந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் பெண்ணின் சக்தி இளமையோடு வந்து இளமையோடு போவதில்லை என்ற அறிவு, பொலநறுவைக் கோவிலுக்கும் நந்திக்கடல் கரைக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

பொலநறுவைப் படிமங்கள் படையெடுத்தவர்களின் தெய்வங்கள், அவை இந்த மண்ணுக்குரியவை அல்ல என்று சொல்பவர்களும் உண்டு. அவை எங்கே வார்க்கப்பட்டன என்ற விவாதம் குமாரசுவாமி காலத்திலிருந்து நடக்கிறது. தஞ்சைச் சாயலிலிருந்து இவை விலகும் இடங்களைக் காட்டி இங்கேயே வார்த்தவை என்று வாதிட்டோர் பலர். எங்கே வார்த்தாலும் இந்தத் தீவின் மண் அவற்றை நூற்றாண்டுக்கணக்கில் காத்துத் திருப்பித் தந்தது. இந்தத் தீவின் நூதனசாலைகளில் அவை இருக்கின்றன. நெளுக்குளத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் கொழும்புக்குச் சுற்றுலா வரும் பாடசாலைகள் தேசிய நூதனசாலையின் வெண்கலக் கூடத்தில் நடராசரைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சிவகாமியின் முன்னும் காரைக்கால் அம்மையாரின் முன்னும் சற்று நேரம் நிறுத்தவேண்டும். இந்த இருவரில் யார் அழகு என்று பெண்பிள்ளைகளிடம் கேட்கவேண்டும். அவர்கள் சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேட்கவேண்டும்.